மாப்பிள்ளை தட்டிய பால்கனி

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! நாற்காலி பிடித்துவிட்ட நண்பர்களே! பிடிக்க முடியாமல் தூணில் சாய்ந்து நிற்கும் உறவுகளே, தைரியமாகச் சாயுங்கள்; என் தங்கையின் கணவர் தட்டிப் பார்த்துச் சரிசெய்த தூண் அது!

கட்டடப் பராமரிப்புப் பொறியாளர், ‘டொக்டொக்’ என்று நாம் அன்போடு அழைத்த மாப்பிள்ளையைப் பற்றி, உங்களில் ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றைச் சொல்வதாக, அவருடைய இந்த நினைவுக் கூட்டத்தில் சபைக்கு உறுதி கூறுகிறேன்.

அது எப்பேர்ப்பட்ட காது! ஏழு கடலுக்கு அப்பால் கான்கிரீட்டுக்குள் ஒரு கம்பி துருப்பிடித்தால், இங்கே அவருக்குத் தூக்கம் கலைந்துவிடும். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால், எங்கே வலிக்கிறதென்று கம்பியே வாய்திறந்து சொல்லும்!

அப்படிப்பட்டவர் ஒருநாள் எங்கள் குடியிருப்புக்கு டீ குடிக்க வந்தார். மாலையில் எல்லோரும் கேரம் ஆடும் பொதுப் பால்கனி. அதன் விளிம்பெல்லாம் விரிசல், விரிசலில் துருக்கறை. எங்கள் சங்கச் செயலாளர் வருடந்தோறும் அதன்மேல் சிமெண்ட் பூசி வெள்ளையடித்துவிடுவார். என்ன அழகு! மணப்பெண்கூடத் தோற்றாள்!

மாப்பிள்ளை டீயை வைத்துவிட்டுத் தட்டினார். டொம் டொம் என்றது.

“எல்லாரும் எழுந்து உள்ள வாங்க. கம்பி துருப்பிடிச்சு ஊதிப்போயி கான்கிரீட்டைத் தள்ளிட்டு நிக்குது.”

“போன மாசம்தானே சார் பூசினோம்?” என்றார் செயலாளர்.

“புண்ணைக் கழுவாம பவுடர் போட்டிருக்கீங்க சார். உடைச்சு, துருவைச் சுரண்டி, போன கம்பிக்குப் புதுக் கம்பி கட்டணும்.”

“வந்த இடத்துல சும்மா இருங்களேன்!” என் தங்கை அவர் சட்டையை இழுத்தாள்.

“சிவப்பு இன்னும் விழல மாமா, ஆட்டம் முடியட்டும்!” என் இளைய மகள் கெஞ்சினாள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கேரம் பலகையை அப்படியே தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு உள்ளே நடந்துவிட்டார்! காய்கள் சிதற, சண்டை போட்டபடி மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் ஓடியது.

விழுந்தது பால்கனி! அந்தச் சத்தத்தில் நிலா நாலடி தள்ளிப் போனது. பறந்த நாற்காலிகள் இன்னும் தரையிறங்கவில்லை. கொட்டிய துருவை லாரி லாரியாக அள்ளி ஒரு மலையே எழுப்பினோம்!

மாப்பிள்ளை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வோம்? கண்ணீர் விட்டா? அது போதுமா? இனி எங்கள் கட்டடத்தில் ஒரு விரிசலையும் பூசி மறைக்கமாட்டோம். தட்டுவோம்! உடைப்போம்! துருவைச் சுரண்டிவிட்டுத்தான் பூசுவோம்! உங்கள் சுத்தியல் இப்போது செயலாளர் கையில். பிடியை விடாதீர்கள் சார்!

சபையோரே, சொன்னதில் முக்கால்வாசி புளுகுதான். நிலா இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் நிஜம். பால்கனி விழுந்தபோது அதில் யாரும் இல்லை. அதோ, இரண்டாம் வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள் என் இளைய மகள்.