மாடி எண்ணில் ஒரு திருத்தம்

தப்பும் தவறுமாக எதையும் வெளியே விட எனக்கு மனம் வராது. பதினொரு வருடமாக அதுதான் என் பிழைப்பு. சினிமாச் செய்தி போடும் இணையதளத்தில் வாசகர்களின் கருத்துகளைப் படித்துப் பார்க்கும் வேலை. பச்சைப் பொத்தானை அழுத்தினால் கருத்து வெளியாகும், சிவப்பை அழுத்தினால் போய்விடும். தகவல் பிழை இருந்தால் திருத்தியும் வெளியிடலாம்.

அதே தளத்தில் இசை விமர்சனம் எழுதியவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். ஒரே கட்டடம். நாங்கள் முதல் மாடி, அவர் இரண்டாம் மாடி. எங்களுக்குள் எந்தப் பகையும் இல்லை என்பதை வாக்குமூலத்தில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். வாரம் ஒருமுறையாவது அதை ஞாபகப்படுத்துவார். நான் மறந்துவிடக்கூடாதே என்ற நல்ல எண்ணம்தான்.

ஒரு இந்திப் படத்தின் பாட்டுகள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தன. எட்டுப் பாட்டு. ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள், விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மறுநாள் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து நாலாவது பாட்டைப் போட்டுக் காட்டினார். மகளை ரயிலேற்றிவிட்டுத் தனியாகத் திரும்பி நடக்கும் ஒரு அப்பாவின் பாட்டு. என் மகள் வெளியூர் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. பல்லவி முடிவதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, இதுக்கெல்லாமா அழுவீங்க?"

"தூசி மச்சான்."

திங்கட்கிழமை காலை அவருடைய விமர்சனம் வந்தது. கடைசிப் பத்தியில், 'இதைக் கேட்டு நடுவயதுக்காரர் ஒருவர் என் கண்முன்னே மூக்கைச் சிந்தினார். இசையமைப்பாளர் நம்பியிருப்பது இப்படிப்பட்ட காதுகளைத்தான்' என்று எழுதியிருந்தார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நடுவயதுக்காரர் யார் என்று அவரே அலுவலகத்தில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. நான் டீ குடிக்க எழுந்தபோதெல்லாம் யாராவது கைக்குட்டையை நீட்டினார்கள். வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வீடு வேறு, வேலை வேறு.

மதியத்துக்குள் நாலாயிரம் கருத்துகள். பெரும்பாலானோர் அவரைச் செவிடு என்று திட்டியிருந்தார்கள். அது வசை. விதிப்படி ஒவ்வொன்றாக நீக்கினேன். அவருக்காக அன்று நான் பட்ட பாடு யாருக்கும் தெரியாது.

மூன்று மணி வாக்கில் ஒரு கருத்து வந்தது. எங்கள் தெரு, எங்கள் கட்டடம், முதல் மாடி, அந்த விமர்சகன் சாயங்காலம் வீட்டில்தான் இருப்பான், நேரில் போய்ப் பாட்டுக் கேட்கச் சொல்லிக் கொடுப்போம் வாருங்கள் என்று ஒருவன் எழுதியிருந்தான். ஐயா, முதல் மாடியில் இருப்பது என் மனைவி. தகவல் பிழையால் ஒரு அப்பாவி மாட்டிக்கொள்ளலாமா? 'முதல்' என்பதை 'இரண்டாம்' என்று திருத்திப் பச்சையை அழுத்தினேன்.

பிறகு மனைவிக்குப் போன் செய்து, விற்பனைக்காரர்கள் வந்து தொந்தரவு செய்வார்கள், கதவைத் தாழ்போட்டுக்கொள் என்றேன். மச்சானுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை நேரத்தில் சொந்த விஷயமாகப் பேசிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்காது.

ஐந்து பேர் வந்தார்கள். முரடர்கள் என்று சொல்ல முடியாது, அழைப்பு மணியை அடித்துவிட்டுக் காத்திருந்துதான் உள்ளே போயிருக்கிறார்கள். கத்தி, கம்பு எதுவும் இல்லை. போனில் நாலாவது பாட்டைச் சத்தமாக வைத்து, இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள, ஒருவன் உள்ளங்கையால் அவர் காதுகளில் மாறி மாறி அறைந்தான். பாட்டு முடியும் வரைக்கும். ஐந்து நிமிடப் பாட்டு. கீழே என் மனைவிக்கும் அது கேட்டிருக்கிறது. அண்ணனுக்கு ஒருவழியாக அந்தப் பாட்டுப் பிடித்துவிட்டது என்று நினைத்தாளாம்.

இரண்டு காதும் போய்விட்டன. நேற்றுவரை ஆஸ்பத்திரியில் கூட இருந்து, எல்லாவற்றையும் சிலேட்டில் எழுதிக் காட்டியவன் நான்தான். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன் மாப்பிள்ளை?" என்றார். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னார், தன் குரல் தனக்கே கேட்காதல்லவா. அவர் இடத்தில் இசை விமர்சனத்தை என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். செவிடு என்று வரும் கருத்துகளையும் நான் இப்போது நீக்குவதில்லை. இனி அது வசை இல்லை, தகவல்.

ஏன் சிவப்பை அழுத்தவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். முதலில் அதைத்தான் அழுத்தினேன் ஐயா. சிவப்பை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும், அதில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் கருத்தை நீக்க முடியும். வசைச்சொல், மிரட்டல், தனியார் வீட்டு முகவரி, விளம்பரம். மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். நீக்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தென்படவில்லை.