பின்னால் இழுக்கிற பிராணி

இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது, சார். ஒரு திருகு கழன்றிருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை. இதுவரை எத்தனை பேர் இதில் உட்கார்ந்து ஆடியிருப்பார்களோ, ஒருத்தருக்கும் அதை முடுக்கக் கை வரவில்லை. எனக்கு அது பொறுக்காது. ஆடுகிற எதையும் நிறுத்திப்போடுவது என் பிறவிக் குணம்.

பன்றிப் பண்ணையில் என் உத்தியோகமும் அதுதான். இருநூறு கிலோ தாய்ப்பன்றிக்கு ஊசி போட வேண்டும், காதோரம் ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் அது அசையாமல் நிற்க வேண்டும். நிறுத்துவது நான். பத்தொன்பது வருஷமாக. பண்ணையில் எனக்குப் பெயரே ‘சுருக்கு’தான்.

உங்கள் எழுத்தர் விழிக்கிறார், விளக்கிவிடுகிறேன். கை நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய். நுனியில் கம்பி வளையம். பன்றி வாயைத் திறக்கிற நேரம் பார்த்து வளையத்தை மேல் தாடையில் மாட்டிக் கைப்பிடியை இழுத்தால் இறுகும். அதற்குமேல் நான் மெனக்கெட வேண்டியதில்லை. பன்றி தானாகப் பின்னால் இழுக்கும். இழுக்க இழுக்க இறுகும். ஒரே ஒரு அடி முன்னால் வந்தால் தளர்ந்துவிடும், ஆனால் வராது. பத்தொன்பது வருஷத்தில் ஒன்றுகூட வந்ததில்லை. கம்பியா அதைப் பிடித்து வைக்கிறது? அதன் மடத்தனம்தான் பிடித்து வைக்கிறது.

கடையில் விற்கிற சுருக்கைப் பிடித்தால் பத்தாவது பன்றிக்குள் கை கடுத்துப்போகும். அதனால் கைப்பிடியில் நானே ஒரு சின்னப் பல் வைத்துப் பற்றவைத்தேன். இறுகினது இறுகினபடி நிற்கும், கட்டைவிரலால் அமுக்கினால்தான் விடும். உங்கள் கைவிலங்கிலும் அதே வித்தைதான். குறை சொல்ல முடியாத பொருள்.

பன்றி கத்தும், உண்மைதான். கொட்டகையே அதிரும். ரத்தம் எடுக்கிற நாளில் எல்லோரும் காதடைப்பான் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வோம். கத்தலை வைத்து வலியை அளக்கிறவன் பண்ணையில் ஒரு வாரம் தாங்கமாட்டான்.

என் தங்கை புருஷன் அப்படி அளக்கிற ஜாதி. வேலையில்லாமல் திரிந்தவனை முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டவன் நான். மூன்று வருஷத்தில் அவன் மேனேஜர், நான் அதே சுருக்கு. அதில் எனக்கு வருத்தமில்லை. படித்தவனுக்கு நாற்காலி கொடுப்பார்கள், வேலை தெரிந்தவனுக்கு வேலை கொடுப்பார்கள்.

அவன் தினமும் நாற்பத்தொன்றாம் எண் தாய்ப்பன்றியின் கூண்டில் போய்க் குந்துவான். வயிற்றைச் சொறிவான். ரொட்டித் துண்டு கொடுப்பான். அதனோடு பேசவும் செய்வான். நாங்கள் சிரித்தோம். நாற்பத்தொன்று லேசுப்பட்டதில்லை, ஆறு வருஷமாக என் சுருக்கில் நின்று மூக்கின்மேல் வாய்க்கால் மாதிரி ஒரு தழும்பு வாங்கினது. ஒரு மாதம் கழித்து மாட்டு டாக்டரையும் முதலாளியையும் கூட்டிவந்து நிறுத்தினான். காதுக்குப் பின்னால் சொறிந்தான். அது பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. டாக்டர் ஊசியைக் குத்தினார், ரத்தம் எடுத்தார். அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

தீவனம் அள்ளுகிற அக்கா என் பக்கம் திரும்பினாள். “ஏண்ணே, இத்தன வருஷம் நீங்க பன்னியப் புடிச்சீங்களா, பன்னி உங்களப் புடிச்சு வச்சிருந்துச்சா?”

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. முதலாளியும் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள். ரொட்டிக்கு மயங்கின ஒரு சோம்பேறிப் பன்றியை வைத்து யாரும் எதையும் நிரூபித்துவிட முடியாது.

அடுத்த மாதத்திலிருந்து பண்ணையில் சுருக்கே கிடையாது என்று முடிவாயிற்று. என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. பன்றிக்குச் சொறிந்துவிடக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள்.

கடைசியாகச் சுருக்குப் போட்ட நாள் அது. காலை பத்து மணி இருக்கும். பக்கத்துக் கொட்டகையில் பையன்கள் கடைச் சுருக்கை வைத்துப் பன்னிரண்டு பன்றிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், காது கிழிகிற சத்தம். நான் கருவி அறையில் என் சுருக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் கையில் சுத்தியலோடு வந்தான்.

“மச்சான், அதக் குடுங்க. ஆபீஸ் ரூம்ல ஆணி அடிச்சாச்சு.”

எதற்கு என்று கேட்டேன்.

“சும்மா மாட்டி வைக்கத்தான். வர்றவங்க பாக்கட்டுமே, முன்னாடி நாம எவ்ளோ கொடுமைக்காரங்களா இருந்தோம்னு.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்களச் சொல்லல மச்சான், பொதுவாச் சொல்றேன்” என்றான்.

பொதுவாகச் சொன்னானாம். அந்தப் பண்ணையில் அந்தப் பல் வைத்த சுருக்கு ஒன்றே ஒன்றுதான்.

சரி, வருகிறவர்களுக்கு இது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கத் தெரிய வேண்டாமா என்றேன். எதையும் கற்றுக்கொள்கிற ஆர்வம் அவனுக்கு எப்போதும் உண்டு, அந்த நல்ல குணத்தை நான் மறுக்கமாட்டேன். “காட்டுங்க” என்று குனிந்தான். வளையத்தை அவன் தலைவழியாகப் போட்டேன். அவன் சிரித்தான் சார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான்.

கைப்பிடியை இழுத்தேன்.

அதற்கப்புறம் நான் ஒன்றும் செய்யவில்லை. அவன் பின்னால் இழுத்தான், எல்லாப் பிராணியும் இழுக்கிற மாதிரி. தகரக் கதவைக் காலால் உதைத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்க அங்கே காது திறந்தவர்கள் யாரும் இல்லை. நான் நிதானமாகத்தான் சொன்னேன். “முன்னால வாங்க மாப்ளே, தளந்துடும்.” ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை சொன்னேன். இவ்வளவு படித்தவன், பன்றிக்கே பாடம் நடத்துகிறவன், தன் கழுத்து விஷயத்தில் நாற்பத்தொன்றுக்கு மேல் ஒரு படிகூட ஏறவில்லை. எனக்கு ஒரு பக்கம் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு ஆண்பன்றிக் கூண்டில் கொண்டுபோய்ப் போட்டேன். பன்றி முட்டிவிட்டது என்று தங்கையிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். அவளையும் அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

கண்டுபிடித்தது நீங்கள் இல்லை, அந்தப் பெருமையை எடுத்துக்கொள்ளாதீர்கள். மாட்டு டாக்டர்தான். நாற்பத்தொன்றின் மூக்கில் ஆறு வருஷமாகப் பார்த்த தடத்தை அவன் கழுத்தில் பார்த்தால் அவருக்குத் தெரியாதா? அவர் ஒருத்தருக்குத்தான் அங்கே கண் இருந்தது.

மறுபடியும் அதையே கேட்கிறீர்கள். அவன் கடைசிவரை பின்னால்தான் இழுத்தானா என்று. அந்தப் போட்டோவை எதற்கு என் பக்கம் தள்ளுகிறீர்கள்? கருவி அறைத் தரைதான், தெரிகிறது. கிருமி வராமலிருக்கத் தினமும் சுண்ணாம்புத் தூள் தூவுகிறோம், அதில் செருப்புத் தடம் விழத்தான் செய்யும். குதிகால் உழுத கோடு பின்னால் போகிறது. சரி. அதற்குப் பிறகு இரண்டு தடம், தெளிவாக, முன்னால் வருகிறது.

வந்தான்.

இரண்டாவது தடவை சொன்னபோது வந்தான். இழுப்பதை நிறுத்திவிட்டு, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, நான் சொன்னபடி, இரண்டு அடி. எந்தப் பன்றியும் வந்ததில்லை. வந்திருந்தாலும் அந்தப் பல் விட்டிருக்காது என்று நீங்கள் சொல்ல வருகிறீர்கள். அதை நான் யோசித்துப் பார்த்ததில்லை.

கட்டைவிரல் பல்லின்மேல்தான் இருந்தது, சார். அமுக்க மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.