ஏரியூருக்கு நேராகப் பூஜ்யம்

எங்கள் ஆபீஸ் ஆயுதபூஜைப் பொரியில் பொட்டுக்கடலை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், சார். இந்த வருஷம் பக்கத்தில் நின்று நிறைய அள்ளிப் போடச் சொன்னேன். வீரமணிக்குப் பொட்டுக்கடலை என்றால் உயிர்.

என்னை மிரட்ட வேண்டியதில்லை, கேட்டால் சொல்லப் போகிறேன். தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு மாவட்டம் முழுக்க இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. ஊருக்கு ஊர் ஒரு டவர், அதன் அடியில் ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் கரண்டைத் துண்டிக்க ஒரு கருவி உண்டு. ஆபீஸிலிருந்தே கட்டளை கொடுத்து அணைக்கலாம். உள்ளே கரண்ட் எவ்வளவு என்று அந்தக் கருவியிடம் கேட்டு வாங்கி, கண்காணிப்பு மென்பொருளுக்கு அனுப்புவது ப்ளகின் என்ற ஒரு சின்ன நிரல். அதை அமைத்தவன் நான், மாதவராஜ். திரையில் ஊர்ப்பெயருக்கு நேராகப் பூஜ்யம் வந்தால் பெட்டிக்குள் கை வைக்கலாம்.

கை வைக்கிறவன் வீரமணி. திரை பூஜ்யம் காட்டினாலும் அவன் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைப்பான்.

ஒரே ஒரு தடவை தப்பு நடந்தது. கருவி பதில் சொல்லாவிட்டால் முந்தைய அளவையே திரும்ப அனுப்பும்படி ப்ளகினை வைத்திருந்தேன். திரையில் காலியாக இடம் தெரிந்தால் முதலாளி கத்துவார், அதனால்தான். அன்று தீர்த்தமலை அடிவாரத்தில் திரை பழைய பூஜ்யத்தையே காட்டியது, அவன் டெஸ்டரில் விளக்கு எரிந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நானும் உடனே திருத்திவிட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம் அல்லவா?

போன வருஷம் ஆயுதபூஜைக்கு என் லேப்டாப்பைத் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்த வீரமணி அதை மட்டும் தாண்டிப் போனான்.

"பொய் சொல்றதுக்கெல்லாம் சந்தனம் எதுக்குங்க?" என்றான்.

முதலாளி சிரித்தார். கன்ட்ரோல் ரூமில் திரையைப் பார்க்கும் தேவிப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்திக்கொண்டால் சிரிப்பு இல்லை என்று ஆகிவிடுமா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போது உங்களிடம் சொல்லும்போதும் எரிகிறது.

அதற்குப் பிறகு என் ப்ளகின் ஒரு தப்புகூடச் சொன்னதில்லை. ஊர் ஊராகப் போய்ச் சரிபார்த்தேன். வீரமணி அப்போதும் டெஸ்டரை எடுத்தான்.

"உங்க மேல ஒண்ணும் இல்லீங்க. வூட்ல சுகுணா இருக்குது, கைக்கொழந்த இருக்குது. தொட்டுப் பாத்துட்டு வெச்சா ஒரு நிம்மதிங்க" என்பான். அந்த 'ங்க'தான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த வருஷம் பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் ஏரியூர் கருவி பழுதானது. அளவை ஒழுங்காகச் சொல்லும்; அணை என்றால் அணையாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

பூஜையன்று வீரமணியின் டெஸ்டரை நானே கேட்டு வாங்கினேன். துடைத்து, சாமிக்கு முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பழச மனசுல வெச்சுக்காதீங்க" என்றான்.

"அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு" என்றேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி பூஜை முடியாமல் எடுக்க மாட்டோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். வீரமணி அதில் ரொம்பக் கண்டிப்பு. ஆபீஸில் இருந்த மற்ற டெஸ்டர்களையும் தேடி எடுத்து அங்கேயே வைத்தேன். என் லேப்டாப்பை மட்டும் வைக்கவில்லை. அதற்கு வேலை இருந்தது.

பொரி தின்று முடித்ததும், ஏரியூரில் லைன் விட்டு விட்டு வருகிறது, போய்ப் பார் என்றேன். அப்படி வரும்படி செய்ததும் நான்தான். அவன் கிளம்பிய பிறகு ப்ளகினில் ஏரியூர் என்ற பெயருக்கு நேராகக் கம்பைநல்லூர் கருவியின் முகவரியைப் போட்டேன். கம்பைநல்லூர் பெட்டியை அணைத்தேன். ப்ளகின் பொய் சொல்லவில்லை, சார். கம்பைநல்லூரில் உண்மையாகவே கரண்ட் இல்லை.

ஏரியூரிலிருந்து கூப்பிட்டான். தேவிப்பிரியா கட்டளை கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"பூஜ்யம்தாங்கண்ணா, கை வெக்கலாம்" என்றாள்.

அவன் உடனே வைக்கவில்லை. போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான்.

"கையில டெஸ்டர் இல்லீங்க. நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லிருங்க."

"பாத்துட்டேன், வை" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிங்க" என்றான். அவன் பேசியது அவ்வளவுதான்.

தேவிப்பிரியாவை விட்டுவிடுங்கள், அவள் திரையில் இருந்ததைப் படித்தாள். கொன்றது நான். ஆனால் ஒன்றை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியில் அவன் டெஸ்டர் இல்லாமல் கை வைத்தான். என்னை நம்பி வைத்தான்.

மறுநாள் ஆபீஸில் பூஜை வேண்டாம் என்றார்கள். வைத்ததை எடுக்க வேண்டுமே என்று நானே சூடம் காட்டினேன். அப்படியே என் லேப்டாப்புக்கும் சந்தனம் வைத்தேன். முதலாளி, தேவிப்பிரியா எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.