டாக்டர் கெலஹர் திரும்பப் பெற்ற கருத்து

மேடையில் அமர்ந்திருக்கும் இறைச்சித் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, ஃபிஜி சபையின் போதகர் அவர்களே, டாக்டரின் கணவர் திரு. டெஸ் அவர்களே, ஆலையிலிருந்து வேலை உடுப்போடு நேரே வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லித்தான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. டாக்டர் நோரா கெலஹர் மறைந்த செய்தி கேட்டு அழுதேன். அழுது முடித்தபின் மனத்தில் மிஞ்சியது நிம்மதி. அது ஏன் என்று சொல்கிறேன்.

காயம்பட்ட தொழிலாளர்களுக்காக வாதாடுவது என் வேலை. அவர்களைப் பரிசோதித்து, காயம் எவ்வளவு, இனி வேலை செய்ய முடியுமா என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தருவது டாக்டரின் வேலை. அவருடைய அறிக்கைகளை உடைக்க எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். உடைந்ததில்லை. ஏன் தெரியுமா? அவர் பரிசோதனை அறையில் மட்டும் பார்ப்பவரல்ல. கார் நிறுத்துமிடத்தில் பார்ப்பார். காத்திருப்போர் கூடத்தில் பார்ப்பார். "ரூமுக்குள்ள எல்லாருக்கும் வலிக்கும்மா. வெளிய என்ன பண்றாங்கன்னு பாக்கணும்" என்பார்.

அந்தக் கண்தான் வைசாகே விஷயத்தில் அவரை ஏமாற்றியது.

மாட்டுத்தொடையைத் தோளில் சுமந்தபடி ஆலையின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்த ஃபிஜிக்காரர் வைசாகேயை உங்களுக்குத் தெரியும். முதுகில் அறுவை செய்யாவிட்டால் ஒரு கால் போய்விடும் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் அறுவை. டாக்டர் அறைக்குள் குனியச் சொன்னபோது அவர் கை முழங்காலைக்கூடத் தொடவில்லை. ஆனால் வெளியே போகும்போது, கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் முன்னால் இடுப்பை மடித்துக் குனிந்து நடந்தார். டாக்டர் கதவருகே நின்று அதைப் பார்த்தார். பரிசோதனை இல்லாதபோது தாராளமாகக் குனிகிறார், இவர் சொல்லும் வலியை நம்ப முடியாது என்று எழுதினார். அறுவைக்கு அனுமதி மறுக்கப்பட்டது. வைசாகேக்காக நான் மேல்முறையீடு செய்தேன்.

சில மாதங்கள் கழித்து, இதோ இந்தப் போதகர் சபை விருந்துக்கு டாக்டரை அழைத்தார். பாயில் உட்கார்ந்து தேங்காய்ப்பால் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் டாக்டர். அவர் முன்னால் போன ஒவ்வொருவரும் "துலோ, துலோ" என்று, மன்னிப்புக் கேட்பதுபோல முனகியபடி குனிந்து போனார்கள். முட்டி வீங்கிய ஒரு பெண்ணும் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார்.

"ஏன் குனியிறீங்க? வலிக்குதுல்ல?" என்று கேட்டார் டாக்டர்.

"வலிக்காம என்ன டாக்டரம்மா? அதுக்காக உக்காந்திருக்கிறவங்க முன்னாடி நிமிந்து போக முடியுமா? எங்கம்மா பாத்தா தோலை உரிச்சிருவா."

சபை முற்றத்திலிருந்தே எனக்குப் போன் வந்தது. "நான் தப்பா எழுதிட்டேன். மேல்முறையீட்டு விசாரணை எப்போ?"

"வருஷக் கடைசியில டாக்டர்."

"முன்னாடி வைக்கச் சொல்லு. அதுவரைக்கும் நான் இருப்பேனான்னு தெரியலை."

அவருக்குப் புற்றுநோய் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வேன்? அவர் போய்விட்டால் அந்த அறிக்கை மட்டும் நிற்கும். இறந்தவரை யார் குறுக்கு விசாரணை செய்வது?

விசாரணை முன்னால் வைக்கப்பட்டது. அதற்குள் அவர் வைசாகேயை மறுபடி வரவழைத்தார். கால் விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா, பாதத்தில் பலம் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுச் சோதித்தார். சக்கர நாற்காலியில் சாட்சி சொல்ல வந்தார்.

"டாக்டர், ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்காகவா கருத்தை மாத்திக்கிட்டீங்க?" என்று கேட்டார் நிறுவனத்தின் வக்கீல்.

"ஆமா. நல்ல சாப்பாடு. நீங்களும் ஒரு தடவை போய்ப் பாக்கணும்" என்றார். சிரிப்பு அடங்கியதும் தொடர்ந்தார். "அவர் குனிஞ்சதைப் பாத்தேன். குனியும்போது முகம் எப்படி இருந்துச்சுன்னு பாக்கலை. ஏன் குனிஞ்சீங்கன்னு கேக்கவும் இல்லை. கேக்காம எழுதினது என் தப்பு."

அந்த அறையில் இப்படிச் சொன்ன நிபுணரை நாம் யாராவது அதற்கு முன் பார்த்திருக்கிறோமா? தன் பெயரைக் காத்துக்கொண்டு அமைதியாகக் கண்மூடியிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்?

அனுமதி கிடைத்து, அறுவை நடந்தது. நான் போன் செய்தேன். "எழுந்து நடக்கிறானா?" என்றார்.

"நடக்கிறார் டாக்டர்."

"அப்பாடா. சரி, போனை வை. டெஸ் டீ போட்டு வச்சிருக்கான், ஆறிப்போகுது."

அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. அந்த 'அப்பாடா'வைக் கேட்டபின் நான் எப்படி முழுத் துக்கத்தோடு இங்கே நிற்பது?

நண்பர்களே, கடைசி நாட்களில் அவர் தம் பழைய அறிக்கைகளை எடுத்து, வெளியே பார்த்ததை மட்டும் நம்பி எழுதியவற்றைத் தனியே பிரித்து வைத்தார். சிலரை அழைத்துப் பேசினார். மற்றவர்களை அழைக்க உடம்பு இடங்கொடுக்கவில்லை. அவர் இடத்துக்கு வந்திருக்கும் டாக்டரும் நானும் எதிரெதிர்த் தரப்புதான், இனியும் அப்படித்தான். ஆனாலும் அந்த வேலையைச் சேர்ந்து முடிப்பதென்று உறுதி எடுத்திருக்கிறோம்.

முதலில் அழைக்க வேண்டியவர் இந்த மண்டபத்திலேயே, பின்வரிசையில் இருக்கிறார். மெலே அக்கா, திங்கட்கிழமை காலையில் வாருங்கள். முதலில் உங்களிடம் கேட்கிறோம். பிறகு எழுதுகிறோம்.