மாப்பிள்ளை வாங்கிய ஸ்டாண்ட்

குடை வாங்க வருகிறவர்கள் எல்லோரும் குடையைத்தான் பார்க்கிறார்கள், ஐயா. துணி என்ன நிறம், விரித்தால் எவ்வளவு அகலம், வெயிலுக்குத் தக்கபடி சாய்க்க முடியுமா என்றெல்லாம் கேட்பார்கள். அது எதன்மேல் நிற்கப்போகிறது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. மாடியிலும் தோட்டத்திலும் மேசை போட்டு, மேலே ஒரு பெரிய குடையை விரித்துவைத்துக் காப்பி குடிக்கிறார்களே, அந்தக் குடைகளைத்தான் சொல்கிறேன். அதன் கம்பைச் சொருகி நிறுத்தும் அடிப்பகுதியைக் கடையில் நாங்கள் ஸ்டாண்ட் என்போம். குடையை யார் வேண்டுமானாலும் விற்றுவிடலாம். ஸ்டாண்டை விற்பதற்குத்தான் என்னைப் போல ஓர் ஆள் வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். முதல் என்றால் ஸ்டாண்ட்தான் முதல். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர் இப்போதே கொட்டாவி விடுகிறார். பரவாயில்லை, அவர் வீட்டில் மாடி இருக்காது.

காற்றடிக்கும் இடத்துக்கு ஸ்டாண்ட் பார்ப்பது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கஷ்டமான வேலை. கனம் மட்டும் இருந்தால் போதாது, அகலமும் வேண்டும். கம்பைச் சொருகும் குழாய் உயரமாக இருக்க வேண்டும். கம்புக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி இருந்தால் கம்பு ஆடும், ஆடினால் கம்பை இறுக்கிப் பிடிக்கும் திருகு நெகிழும். மொட்டை மாடி என்றால் வார்ப்பிரும்பு, இல்லாவிட்டால் கருங்கல் பலகை. வேறு பேச்சே கிடையாது. உள்ளே கூடாக இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டாண்ட் ஒன்று வருகிறது. அதற்குள் தண்ணீரை ஊற்றி மூடியைத் திருகிவிட்டால் கனமாகிவிடும். அடியில் சக்கரமும் வைத்துக் கொடுக்கிறார்கள், தள்ளிக்கொண்டு போக வசதியாம். நமக்கு வசதியாக இருப்பது காற்றுக்கும் வசதியாகத்தான் இருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

மாப்பிள்ளை பார்க்கும் கஷ்டத்தை என் தங்கை எனக்கு வைக்கவில்லை. அவளே பார்த்துக்கொண்டாள். அதுவரைக்கும் அவளுக்கு எல்லாம் நான் தேர்ந்தெடுத்ததுதான். பள்ளிக்கூடப் பை, மூக்குக் கண்ணாடி, சைக்கிள், கல்லூரியில் என்ன படிப்பது என்பதுவரை. கடையில் நான்கு சாமான்களை எடுத்து முன்னால் வைத்தால், அவள் சாமானைப் பார்க்க மாட்டாள். திரும்பி என் முகத்தைப் பார்த்து, எது அண்ணா என்பாள். அந்த ஒரு பார்வைக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், கல்யாணத்துக்குப் பிறகு அவள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியபோது எனக்கு வலித்தது.

மாப்பிள்ளை பல் டாக்டர். தங்கமான மனிதர். சிரித்த முகம், அதிர்ந்து பேசாத குணம். ஒரே குறை என்னவென்றால், வாயைப் பிளந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடக்கிறவர்களிடமே பேசிப் பேசிப் பழகிவிட்டார். எதிரில் இருப்பவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது. கார் வாங்கும்போது சொன்னேன். மெத்தை வாங்கும்போது சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, நான் சொன்னதற்கு நேர் எதிரானதை வாங்கிவந்தார். அது கெட்டுப்போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கார் பிரமாதமாக ஓடியது. அந்த மெத்தையில் படுத்து என் தங்கைக்கு முதுகுவலியே போய்விட்டது.

இப்படி இருக்கும்போதுதான் அவர்கள் மேல்மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். வீட்டை ஒட்டி விசாலமாக ஒரு மொட்டை மாடி. எதிரே இரண்டு உயரமான கட்டடங்கள், நடுவில் சந்து போல ஓர் இடைவெளி. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காற்று கிளம்பினால் அந்தச் சந்துக்குள் நுழைந்து நேராக இந்த மாடியில்தான் வந்து இறங்கும். இங்கே குடை வைப்பார்கள். வைப்பதற்கு என்னைக் கேட்டே ஆக வேண்டும். பல்லைப் பற்றி நான் அவரிடம் வாய் திறந்ததில்லை, குடையைப் பற்றி அவர் என்னிடம் என்ன பேசிவிட முடியும்? கடைக்குப் போனதும் முதல் காரியமாக ஒரு வார்ப்பிரும்பு ஸ்டாண்டைத் துடைத்து, கறுப்புப் பூச்சு அடித்து, விற்பனைக்கு அல்ல என்று சொல்லி ஓரமாக வைத்தேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, நம் வீட்டு நாற்காலியை ஒருநாளாவது இப்படித் துடைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

அடுத்த முறை நான் போனபோது குடை நின்றுகொண்டிருந்தது. ஆகாய நீலத்தில் பிளாஸ்டிக் ஸ்டாண்ட். அடியில் சக்கரம்.

"தண்ணி ஊத்தினா போதும் மச்சான். வேணுங்கிற இடத்துக்குத் தள்ளிக்கலாம்" என்றார் மாப்பிள்ளை.

"இது காத்துக்குத் தாங்காது மாப்பிள்ளை."

"எந்தக் காத்து?"

கேட்டுவிட்டு விரலை நாக்கில் தொட்டு உயரே நீட்டிக் காட்டினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவருடைய நண்பர்கள் சிரித்ததை நான் பொருட்படுத்தவில்லை. என் தங்கையும் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதன்பிறகு காற்று அடிக்கவில்லை, ஐயா. நீங்கள் நம்ப மாட்டீர்கள், அந்தப் பருவம் முழுக்க ஓர் இலை அசையவில்லை. தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண்மணியை நான் சொந்த விரோதியாகவே நினைக்கத் தொடங்கினேன். மாப்பிள்ளை வீட்டில் என் காற்று ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. தங்கை தொலைபேசியில் கூப்பிட்டு, உன் காற்று வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு, துணி காயப்போட வேண்டும் என்பாள். விருந்துக்கு வருகிறவர்களிடம் மாப்பிள்ளை என்னை அறிமுகப்படுத்தும்போது, இவர்தான் காற்று மச்சான் என்பார். கடைக்கு வருகிறவர்களுக்கு ஸ்டாண்டைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் எனக்கே சந்தேகமாகக் கேட்டது. ஒரு மனிதனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அதிலும் அவன் பேச்சு செல்லாக்காசாகிவிட்டால் அப்புறம் அவனுக்கு என்ன இருக்கிறது? இதை நீங்கள் உங்கள் வேலையில் வைத்து யோசித்துப் பாருங்கள்.

பிறகு அவர்கள் வெளியூர் போனார்கள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்கள். ஊற்றினேன். நன்றாகவே ஊற்றினேன், ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, செடியெல்லாம் எப்படித் தழைத்திருக்கிறது என்று தங்கை சொன்னாள். அந்தத் தண்ணீரை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. ஸ்டாண்டிலிருந்துதான் எடுத்தேன். மூடியைத் திறந்து, சாய்த்து, வாளியில் பிடித்து, ஒரு சொட்டு வீணாக்காமல் ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் ஊற்றினேன். கடைசியில் மூடியைப் பழையபடி இறுக்கமாகத் திருகினேன். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

குடையின் உச்சியில் ஒரு சிறு திறப்பு இருக்கும். அடியில் புகுந்த காற்று அதன் வழியாக வெளியே போய்விடும், குடை தூக்காது. அதையும் தைத்து மூடினேன். உங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தையலைப் பார்த்தீர்களா? துணியின் நிறத்துக்கே நூல் வாங்கிவந்தேன்.

இதில் என்ன தப்பு என்று அப்போது எனக்குத் தோன்றியது. காற்று வந்தால் தானாக நடக்கப்போவதுதானே, நான் அதற்கு ஒரு கை கொடுக்கிறேன், அவ்வளவுதான். குடை சாயும், மேசைமேல் இருக்கும் கண்ணாடிக் குவளைகள் உடையும், மாப்பிள்ளை தலையைச் சொறிவார், தங்கை திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். நான் நினைத்தது இவ்வளவுதான். இவ்வளவுதான் நினைத்தேன் என்று நினைக்கிறேன்.

ஒருவழியாக அந்தப் பெண்மணி தொலைக்காட்சியில் தோன்றி, மறுநாள் பிற்பகல் பலத்த காற்று வீசும் என்றார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். மறுநாள் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டேன். புது மாப்பிள்ளை மாதிரி எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று மனைவி கேட்டாள். வழியில் ஒரு கேக் வாங்கினேன். படியில் ஏறும்போது என்னையறியாமல் பாட்டு வந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தைப் பல வருஷமாக நான் அனுபவித்ததில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வெளியே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நான்தான் சொன்னேன். கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போனால் தெரு நன்றாகத் தெரியும் என்று சொல்லி மேசையை நகர்த்தினேன். குடையையும் நானே தள்ளிக்கொண்டு போனேன். சக்கரம் வெண்ணெயாக உருண்டது. சக்கர விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி மாப்பிள்ளை என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்தச் சுவர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். வீடு பார்க்கும்போதே அது குட்டை என்று சொன்னேன், அதையும் அவர் கேட்கவில்லை.

தங்கையைக் கேக் வெட்டிக்கொண்டு வரச் சொல்லி உள்ளே அனுப்பினேன். குடை மேசைமேல் சாயும், அவ்வளவுதான் என்று நினைத்தேன் என்கிறாயே, பிறகு அவளை எதற்கு உள்ளே அனுப்பினாய் என்று நேற்று உங்கள் மேலதிகாரி மடக்கினார். கேக்கை யாராவது வெட்டத்தானே வேண்டும் என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

காற்று வந்தது. முதலில் எதிர்ச் சந்தில் ஒரு விசில் சத்தம். பிறகு மேசை விரிப்பு படபடத்தது. குடைத் துணி விம்மிப் புடைத்தது. ஆகாய நீல ஸ்டாண்ட் ஒரு பக்கமாகக் காலைத் தூக்கியது. என் கைகள் தாமாகவே சேர்ந்துகொண்டன, கைதட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை எழுந்தார். ஸ்டாண்டைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்ததே கிடையாது.

"மச்சான், என்ன பண்றது?"

அவர் வாயால் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்பது என் கடைக்கு வந்து போன எவருக்கும் தெரியும். குடையைக் கட்டிக் கையில் கொடுக்கும்போது நான் சொல்லாமல் விட்டதே இல்லை. குடை கிளம்பிவிட்டால் விட்டுவிடுங்கள், பிடிக்காதீர்கள், குடை போனால் வேறு குடை தருகிறேன் என்பேன். ஏனென்றால் பிடிக்கத்தான் எவருக்கும் கை போகும். பிடித்தவரை அவ்வளவு பெரிய குடை சும்மா விடாது, இழுத்துக்கொண்டு போகும். நல்ல வாட்டசாட்டமான ஆளையே தரதரவென்று இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையோ ஒல்லி.

"பிடிங்க மாப்பிள்ளை" என்றேன். "ரெண்டு கையாலயும் பிடிங்க. என்ன ஆனாலும் விடாதீங்க."

ஆமாம் ஐயா, தெரிந்துதான் சொன்னேன். வாய் தவறி வந்ததல்ல. பதற்றத்தில் சொன்னதாக எழுதிக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்டீர்கள், உங்கள் நல்ல மனசு. நான் பதறவே இல்லை. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில்தான் சொன்னேன்.

பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்தார். திருகு நெகிழ்ந்து, கம்பு குழாயிலிருந்து உருவிக்கொண்டு கிளம்பியது. செருப்பு இரண்டும் தரையில் தேய்ந்துகொண்டே போயின. சுவர் அருகில் போனதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று எனக்குக் காட்டுகிறவர் போல. நான் தலையை ஆட்டினேன்.

தங்கை தட்டுடன் வந்தாள். மாடியில் ஸ்டாண்ட் மட்டும் மல்லாந்து கிடந்தது, அதன் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"அண்ணா, அவரு எங்க?"

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, இந்த ஸ்டாண்டு தாங்காதுன்னு" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. இங்கே பார்க்கவும் வரவில்லை. சின்னப் பெண், அதிர்ச்சியில் இருக்கிறாள், கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும். இனி அவளுக்கு எது வேண்டுமானாலும் என்னைத்தானே கேட்டாக வேண்டும்?

எனக்கும் மாப்பிள்ளைக்கும் பகை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். சின்னதாக ஒரு மனவருத்தம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. கடைசியில் என் பேச்சைக் கேட்டார், அதனால் அவரை நான் மன்னித்துவிட்டேன்.