தையல் இல்லாத நெஞ்சு

என் பெயர் மதலைமுத்து. வயது 73. தகப்பனார் பெயர் சாமுவேல், காலமாகிவிட்டார். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்து, சுரங்கம் மூடியபின் பெங்களூர் வந்து, லிங்கராஜபுரத்தில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். என் மனைவியின் தம்பி டெரிக், 'மாமாவுக்கு இதய ஆபரேஷன் செய்யாமலே செய்ததாக ஆஸ்பத்திரியில் ஏமாற்றிவிட்டார்கள்' என்று கொடுத்த மனு சம்பந்தமாக, காவல் அதிகாரி மமதா அவர்கள் விசாரிக்க நான் சொல்வதாவது:

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் இடத்தில் இருக்கும் வால்வு எனக்கு இறுகிப்போய்விட்டது. குளித்தால் மூச்சு வாங்கும். காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் மயங்கி விழுந்திருக்கிறேன். சுரங்கத் தூசியால் நுரையீரலும் கெட்டிருந்ததால் நெஞ்சைத் திறந்தால் தாங்கமாட்டேன் என்று டாக்டர் சங்கமித்ரா சொன்னார். அதன்பின் அவர், தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு ஒன்றைக் கொண்டுபோய் வைக்கலாம் என்றும், அது இன்னும் சோதனையில் இருக்கிற வால்வு என்றும், உயிருக்கு ஆபத்தும் வரலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது நான்தான். யாரும் வற்புறுத்தவில்லை.

அதன்பின் என்னை ஆபரேஷன் அறையில் படுக்கவைத்தார்கள். முழு மயக்கம் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த திரையில் குடை மாதிரி மடங்கிய ஒன்று மெல்ல மேலே போவதைப் பார்த்தேன். 'இப்ப கொஞ்சம் தலை சுத்தும், பயப்படாதீங்க ஐயா' என்றார் டாக்டர். கண் இருட்டியது. அதன்பின் வெளிச்சம் வந்தபோது அது விரிந்து என் இதயத்துக்குள் உட்கார்ந்திருந்தது. பூமிக்கடியில் பாறை வெடித்ததைப் பார்த்தவன் நான், எதற்கும் சுலபத்தில் வாய் பிளக்கமாட்டேன். அன்று ஆண்டவரே என்று அழுதுவிட்டேன். சாயங்காலம் என் மனைவி என் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, 'ஐயோ, சூடா இருக்குதுங்க' என்றாள். வருடக்கணக்காகச் சில்லிட்டுக் கிடந்த கால் அது.

வீடு திரும்பியபின் சர்ச் பெண்கள் என்னைப் பார்க்க வந்திருந்த சமயத்தில் டெரிக்கும் சாத்துக்குடியோடு வந்தார். எங்கள் தங்கவயல் ஜனங்களிடம் ஒரு வழக்கம், ஆபரேஷன் ஆனவரைப் பார்க்கப் போனால் தையலைப் பார்க்காமல் எழுந்திருக்கமாட்டார்கள். 'தையலக் காட்டு மாமா' என்றார். சட்டையைத் திறந்தேன். நெஞ்சில் நரைமுடி தவிர ஒன்றுமில்லை. இருந்த ஒரே அடையாளம் தொடை இடுக்கில். பாஸ்டரம்மா எதிரில் உட்கார்ந்திருக்க லுங்கியை எப்படித் தூக்குவது? வெட்கப்பட்டு, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சட்டையை மூடிக்கொண்டேன். டெரிக் என் மேல் உயிரையே வைத்திருப்பவர். நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விட்டார்.

அதன்பின் விசாரணை முடியும்வரை அந்த வால்வை யாருக்கும் வைப்பதில்லை என்று ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அடுத்து வைப்பதாக இருந்தது தனலக்ஷ்மி என்ற அம்மாவுக்கு. அவருக்கும் நெஞ்சைத் திறக்க முடியாது. நேற்று போனில், 'அண்ணா, உங்க கேஸ் எப்போண்ணா முடியும்?' என்று கேட்டார். அதைக் கேட்பதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். அதனால்தான் சம்மன் வருவதற்கு முன்பே நானாக வந்தேன்.

தொடையில் உள்ள அடையாளத்தை மறைவில் காவலர் தியோடர் அவர்களுக்குக் காட்டினேன். பொட்டு அளவுதான் இருக்கிறது என்றார்.

இந்த அறை மாடியில் இருக்கிறது. டெரிக்கும் நானும் சேர்ந்துதான் ஏறினோம். பாதிப் படியில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, 'இரு மாமா, மூச்சு வாங்குது' என்றார். இத்தனை வருடம் எல்லோரிடமும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். திரும்பிப் பார்த்தேன். என்னை அண்ணாந்து பார்த்தபடி அவர் அழுதுகொண்டிருந்தார்.

நான் சொன்னதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சா. மதலைமுத்து

மேற்படி வாக்குமூலத்தை உடனிருந்து கேட்டேன். என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன். அந்த அம்மாவுக்குச் சீக்கிரம் வைக்கச் சொல்லவும்.

(ஒப்பம்) டெரிக், மனுதாரர்