ஜீப்புக்கு ஒரு ஸ்கேனர்

— அந்தச் சின்ன ஸ்கேனர் ஒங்களுக்குச் சரி வராது சேர். ஃபோனோட சேத்துப் பாக்கிறது. எஞ்சின மட்டும்தான் வாசிக்கும்.

— எஞ்சின் எனக்குத் தேவையில்லை றம்ஸி. பிரேக்கை வாசிக்கோணும். ஏபிஎஸ்.

— அப்ப இது. எஞ்சின், கியர், ஏபிஎஸ், எயார் பேக் நாலும் பாக்கும். ஆனா ஒங்கட ஜீப் ஃபோர் வீல். அதுக்கு இந்தப் பெரிசுதான் நல்லம். முன் சில்லுக்கு இழுவை குடுக்கிற பெட்டி ஈக்கே, அதையும் வாசிக்கும். லக்கல காட்டுக்குள்ள காணி அளக்கப் போற ஆளுக்கு அதுதானே முக்கியம்.

— பழைய பிழையையும் காட்டுமோ? ரெண்டு மாதத்துக்கு முதல் நடந்தது?

— ஜீப்புட நெனவுல ஈந்தாக் காட்டும். யாரும் அழிச்சீந்தா காட்டாது.

— ஒருத்தரும் தொடேல்லை. அடிபட்ட நாளில இருந்து வீட்டு வாசலிலதான் நிக்குது.

— மகேந்திரராஜா சேர், பதினஞ்சு வருசமா அந்த ஜீப்புக்குக் கை வெக்கிற ஆள் நான். இங்க கொண்டு வாங்க, அஞ்சு நிமிசத்துல நானே பாத்துச் சொல்றேன். ஒரு நாள் பாக்கிறதுக்கு மெஷின் வாங்குவாங்களா?

— இல்லை. நானே பாக்கோணும். தனிய.

— ரத்த ரிப்போட்ட ஊட்டாளுகளுக்குத் தெரியாம பிரிச்சிப் பாக்கிற நோயாளி மாதிரில்ல பேசுறீங்க.

— ஆரூரன் வாற ஞாயிற்றுக்கிழமை வாறான்.

— மகன் வாரது சந்தோசம்தானே!

— சாமான் ஏத்த வாறான். சீகிரியாவில, வேலை செய்யிற ஹோட்டலுக்குக் கிட்ட வீடு எடுத்திட்டானாம். இனி என்ர வீட்டுப் படி மிதிக்க மாட்டானாம்.

— யா அல்லாஹ். ரிவர்ஸ்டன் மலையில ஜீப் அடிபட்ட அந்தக் கதைக்கா?

— ஓம். மழைத் தூறல், ஒரே பனிப்புகார். வளைவில பிரேக் அடிக்க நாலு சில்லும் இறுகி, சறுக்கிக்கொண்டு போய் மண் மேட்டில குத்தினது எண்டு சொன்னான். பக்கத்தில இருந்த வினோஜாவுக்குக் கை முறிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில, அவளின்ர தாய் தேப்பனுக்கு முன்னால வைச்சு, வேகமாய் ஓடினதை மறைக்கப் பொய் சொல்லுறாய் எண்டு கத்தினன்.

— மருமவள் என்ன சென்னாங்க?

— மாமா, மெதுவாத்தான் வந்தவர் எண்டாள். புருசனுக்குப் பரிஞ்சு கதையாதை எண்டு அவளுக்கும் ஏசினன்.

— கை முறிஞ்ச புள்ளைக்கா?

— கேக்காதையுங்கோ. என்ர மனிசியும் சொல்லிப் பாத்தா. முதல் ஜீப்பைப் பாருங்கோ, பிறகு பிள்ளையை ஏசுங்கோ எண்டா. நான் கேக்கேல்லை.

— இப்ப மட்டும் என்ன வந்திச்சி?

— அவன்ர அறையில பெட்டி கட்டத் தொடங்கிட்டா மனிசி. ஒவ்வொரு சேட்டா மடிக்கிறா. என்னைத் திரும்பியும் பாக்கிறாவில்லை.

— சேர், கோவிக்காம ஒண்ணு சொல்லுங்க. ஏன் மகன நம்பல்ல?

— ஏபிஎஸ் எண்டு ஒண்டு ஏன் வைச்சிருக்கிறாங்கள்? ஈர றோட்டில சில்லு இறுகாமல் பிடிக்கத்தானே? அது வேலை செய்யாட்டில் டாஷ்போட்டில லைற் எரியும். லைற் எரிஞ்சதோடா எண்டு கேட்டன். இல்லையப்பா எண்டு அவனே சொன்னான். லைற் எரியாட்டில் ஜீப்பில பிழையில்லை. ஜீப்பில பிழையில்லாட்டில் ஓடினவனில பிழை. கணக்குச் சரிதானே?

— மெஷின் பிழை ஈக்கின்னு காட்டினா என்ன செய்வீங்க?

— சீகிரியாவுக்குப் பஸ் ஏறிப் போய் அவன்ர கையைப் பிடிப்பன்.

— காட்டாட்டி?

— சாமானை நானும் சேந்து ஏத்திவிடுவன். வேற என்ன?

— பெத்த புள்ளைக்கு மெஷின்ட சாட்சி கேக்கணுமா சேர்?

— முப்பது வருசம் நில அளவையில இருந்திட்டன் தம்பி. சங்கிலி பிடிக்காமல் ஒருத்தன்ர வேலியையும் நான் நம்பினதில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளையும் வந்திட்டுது. சரி, பெரிசையே கட்டுங்கோ.

— கட்டல்ல. நான் விக்கல்ல சேர்.

— ஏன்?

— மெஷின் சொல்றதுக்கு முன்னுக்கு நான் சொல்ல வேணும். கொஞ்சம் குந்துங்க. போன நோன்புக்கு முன்னுக்கு ஜீப்ப சேர்விஸுக்கு விட்டீங்க, ஞாபகமா?

— விட்டனான்.

— அண்டைக்கி ஏபிஎஸ் லைட் எரிஞ்சிட்டு ஈந்திச்சி. பின் சில்லு சென்சர் பழுது. ஒங்களுக்கு ஃபோன்ல கோல் எடுத்து, இப்படி லைட் எரியுதுன்னு சென்னேன். நீங்க என்ன சென்னீங்க?

— எனக்கு ஞாபகமில்லை.

— எனக்கு ஞாபகம் ஈக்கி. "அதை நூத்துவிடுங்கோ"ன்னு சென்னீங்க. எங்கட ஆக்களுக்கு நூர்னா வெளிச்சம். குர்ஆன்ல வார சொல்லு. வெளிச்சம் போடச் சொல்றாரா, என்னடா இதுன்னு நெனச்சிட்டு, வெளங்கல்ல சேர்னு கேட்டேன். "அணைச்சுவிடுங்கோ தம்பி, அவ்வளவுதான்"னு சென்னீங்க. கோலும் கட்டாயிட்டு.

— அதுக்கு?

— டாஷ்போட்டக் கழட்டி, அந்த லைட்டுக்கு மேல கறுப்பு டேப் ஒட்டினேன். சென்சர மாத்தல்ல. முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்ச வேல. கொழும்பிலேந்து சாமான் வந்ததும் கூப்பிட்டு மாத்துவோம்னு ஈந்தேன். பெருநாள் வேலையில மறந்தே போயிட்டு.

— அப்ப ஆரூரன்...

— ஒரு சொல்லும் பொய்யில்ல சேர். சில்லு இறுகித்தான் ஈக்கும். லைட்டும் தெரிஞ்சீக்காது. ஏபிஎஸ் செத்து அஞ்சாறு மாசம்.

— இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?

— பயம். அடிபட்ட செய்தி கேட்ட நாள்லேந்து ஒங்கட முகத்தப் பாக்க ஏலல்ல. நீங்க கடைக்குள்ள வந்ததுலேந்து மெஷினக் காட்டிக் காட்டி அத மறைச்சிட்டு ஈந்தேன். நீங்க திருத்தச் சென்னீங்க. ஒங்கட யாழ்ப்பாணத் தமிழ நான்தான் மாறி வெளங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை நானே ஊட்டுக்கு வாறேன் சேர். ஆரூரன் தம்பிக்கும் மருமவளுக்கும் முன்னுக்கு நிண்டு சொல்றேன். பிழை என்ட தலையில கிடக்கட்டும். வாப்பாவும் மகனும் பிரியாதீங்க.

— அப்பிடியே சொல்லுவீங்களோ? மாறி விளங்கினது எண்டு?

— அல்லாஹ் மேல சத்தியமா சொல்வேன்.

— சத்தியம் பண்ணாதையுங்கோ றம்ஸி.

— ஏன் சேர்? அழுறீங்களா?

— அந்தக் கிழமை ஜீப்பை விலைக்குப் பாக்கவெண்டு தம்புள்ளையில இருந்து ஒராள் வாறதாயிருந்தது. அவருக்கு லைற் தெரியக் கூடாது எண்டுதான் நூக்கச் சொன்னனான். நீங்கள் ஒண்டும் மாறி விளங்கேல்லை.